ஒரு பெட்டி, ஒரு எண், ஓர் ஆண்டு
கபூஸ் மாதிரி கட்டும் கலை குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அமெரிக்கச் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டிக்குக் கபூஸ் என்று பெயர். நம் ஊர்ச் சரக்கு ரயிலின் வால்பக்கம் ஆடிக்கொண்டே போகும் கார்டு வண்டியின் வேலைதான் அதற்கும். ஆனால் இடமும் வசதியும் கூடுதல். ரயிலுக்குப் பொறுப்பான கண்டக்டரும் பின்பக்கப் பிரேக்மேனும் அதில் பயணம் செய்தார்கள். உள்ளே நிலக்கரி அடுப்பு, படுக்கைப் பலகை, சரக்குச் சீட்டுகளைச் சரிபார்க்க ஒரு மேசை. கூரையின் மேல் நான்கு பக்கமும் பார்க்கும்படி ஒரு கண்ணாடிக் கூண்டு. அந்தப் பெட்டியைப் பத்து சென்டிமீட்டர் நீளத்தில், அசலுக்கு மாறாமல் கட்டுவது எப்படி என்பதே இன்றைய பொருள்.

ரயில் மாதிரி கட்டுபவர்களிடம் கேட்டால், எஞ்சின் கட்டுவதுதான் கடினம் என்பார்கள். எஞ்சினில் சக்கரம் சுழல வேண்டும், மோட்டார் ஓட வேண்டும்; உண்மைதான். ஆனால் அசலோடு பொருந்துவதில் எஞ்சினை விடக் கபூஸ் அதிகம் சோதிக்கும். காரணம் அந்தப் பெட்டி வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது.

ஒரு சரக்குப் பெட்டி நாடு முழுவதும் சுற்றும். பென்சில்வேனியாவில் ஏற்றிய சரக்கு கலிபோர்னியாவில் இறங்கும்போது அந்தப் பெட்டி நான்கைந்து கம்பெனிகளின் தண்டவாளத்தில் ஓடியிருக்கும். வழியில் எந்தப் பணிமனையிலும் பழுது பார்க்க முடிய வேண்டும் என்பதால் அளவும் உதிரிபாகமும் பொதுவாக்கப்பட்டன. முதல் உலகப் போர்க் காலத்தில் ரயில்பாதைகளை அரசு எடுத்து நடத்தியபோது பொது வடிவங்கள் வந்தன. 1937ஆம் ஆண்டின் பொது வடிவச் சரக்குப் பெட்டியைப் பல கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி கட்டின. எனவே கடையில் வாங்கும் ஒரே மாதிரிப் பெட்டியில் எழுத்தை மட்டும் மாற்றினால், பல கம்பெனிகளுக்கு நேர்மையாகவே பொருந்திவிடும்.

கபூஸ் அப்படி ஊர் சுற்றவில்லை. சொந்தக் கம்பெனியின் தண்டவாளத்தை விட்டுப் பெரும்பாலும் வெளியே போகவில்லை. பல இடங்களில் ஒவ்வொரு கண்டக்டருக்கும் தனிக் கபூஸ் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே பல கம்பெனிகள் தங்கள் பணிமனையில், தங்கள் சுரங்கப்பாதையின் உயரத்துக்கும் தங்கள் மாநிலச் சட்டத்துக்கும் ஏற்பத் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டன. பெயரில்கூட ஒற்றுமை இல்லை: பென்சில்வேனியா ரயில்பாதைக்கு அது கேபின் கார், சாண்டா ஃபேக்கு வே கார், கனடாவில் வேன். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கபூஸ் என்று ஒன்று கிடையாது. பெட்டிக்குள் அடைத்து விற்கப்படும் பொதுவான கபூஸ் எந்தக் கம்பெனியின் கபூஸும் அல்ல. அசலைத் தேடுபவர் கத்தியை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கூண்டு வந்த கதையையே பாருங்கள். 1863இல் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனியில் வாட்சன் என்ற கண்டக்டர், கூரையில் ஓட்டை விழுந்திருந்த ஒரு பெட்டியில் பயணம் செய்தார். சாமான்களின் மேல் ஏறி உட்கார்ந்து ஓட்டை வழியே தலையை நீட்டியபோது ரயில் முழுவதும் தெரிந்தது. அதிலிருந்து கூண்டு பிறந்தது என்று ரயில் உலகில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும் கூண்டின் வேலை என்னவென்பதில் சந்தேகமில்லை. அந்தக் காலப் பெட்டிகளின் அச்சுகள் எண்ணெய் நனைந்த பித்தளைத் தாங்கிகளில் சுழன்றன. எண்ணெய் வற்றினால் தாங்கி காய்ந்து புகையும். கவனிக்காமல் விட்டால் அச்சு முறிந்து ரயில் தடம் புரளும். அந்தப் புகையை முதலில் பார்க்க வேண்டியவர் கூண்டில் உட்கார்ந்திருப்பவர்.

சரக்குப் பெட்டிகள் உயரமாகிக்கொண்டே வந்தபோது கூண்டிலிருந்து பார்வை மறைந்தது. அப்போது கூண்டை எடுத்துவிட்டுப் பக்கச் சுவரிலேயே வெளியே புடைத்த சன்னல் வைத்தார்கள். 1923இல் ஏக்ரன், கேன்டன் அண்ட் யங்ஸ்டவுன் என்ற சிறிய கம்பெனி அதைத் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். பின்னர் மில்வாக்கி ரோடு போன்ற பெரிய கம்பெனிகள் அதைப் பெருமளவில் கட்டின. ஆக, கூரையையும் பக்கச் சுவரையும் பார்த்தாலே கம்பெனி எது, காலம் எது, வழியில் சுரங்கம் உண்டா என்று ஒரு கபூஸைப் பற்றிப் பாதி சொல்லிவிடலாம்.

இனி வேலைக்கு வருவோம். அசலோடு பொருத்தும் வேலை மூன்று முடிவுகளில் தொடங்குகிறது: எந்தப் பெட்டி, எந்த எண், எந்த ஆண்டு. “பென்சில்வேனியா கபூஸ் ஒன்று” என்று தொடங்குபவர் பாதி வழியில் நின்றுவிடுவார். நடைபலகை உண்டா, ஏரியல் உண்டா, எழுத்து எந்தப் பாணி என்று ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு விடை கிடைக்கும். இரண்டும் சரியாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் இருந்திருக்காது.

பென்சில்வேனியா ரயில்பாதையின் என்5சி வகையையே எடுத்துக்கொள்ளலாம். 1942இல் அல்டூனா பணிமனையில் 200 பெட்டிகள் கட்டப்பட்டன. முழுதும் எஃகு, நடுவில் சரிவான முகங்களோடு கூண்டு, சன்னல்கள் கப்பலில் இருப்பதுபோல வட்டம். அந்த வட்டச் சன்னலால்தான் அது புகழ்பெற்றது. 1953இல் லயனெல் கம்பெனி பொம்மை ரயிலுக்கு அதன் வடிவத்தை எடுத்துக்கொண்டதால், பென்சில்வேனியா பக்கமே போகாத குழந்தைகளுக்கும் அந்தப் பெட்டி தெரிந்துவிட்டது. மாதிரி ரயில்களின் எச்.ஓ. அளவில் பவ்சர் கம்பெனியின் நல்ல பிளாஸ்டிக் மாதிரி உண்டு. எனவே இதை முழுதும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. வாங்கிய மாதிரியை ஓர் ஆண்டுக்குள் நிறுத்துவதே இங்கே வேலை.

ஆண்டு எப்படி எல்லாவற்றையும் மாற்றுகிறது என்று பாருங்கள்.

1940களில் தொடங்கி பென்சில்வேனியா கம்பெனி டிரெயின்போன் என்ற முறையைப் பரவலாகப் பயன்படுத்தியது. யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கியது அது. வானொலி அலையைக் காற்றில் அனுப்புவதற்குப் பதிலாக, தண்டவாளத்தின் வழியாகவும் பக்கத்தில் ஓடும் தந்திக் கம்பிகளின் வழியாகவும் மின்தூண்டலால் குரலைக் கொண்டுசெல்வது. இதற்காக எஞ்சினின் மேலும் கேபின் காரின் கூரை மேலும் நீளவாட்டில் குழாய் போன்ற ஏரியல், கூரையிலிருந்து சற்று உயர்த்தித் தாங்கிகளின் மேல் பொருத்தப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் கைப்பிடிக் கம்பி போலவே இருக்கும். எல்லாக் கேபின் கார்களுக்கும் அது வைக்கப்படவில்லை. 1960களில் சாதாரண வானொலி வந்ததும் குழாய்கள் கழற்றப்பட்டன. ஆக, ஏரியல் வைத்தால் அது ஒரு காலம், ஏரியல் இல்லையென்றால் அது இன்னொரு காலம் அல்லது இன்னொரு எண். புகைப்படம் இல்லாமல் இதை யாராலும் ஊகிக்க முடியாது.

எழுத்தும் அப்படியே. கம்பெனியின் சின்னம் கீஸ்டோன் எனப்படும் வளைவுக்கல் வடிவம். 1930லிருந்து 1954 வரை சரக்குப் பெட்டிகளில் அது வட்டத்துக்குள் இருந்தது. 1954இல் நிழலோடு கூடிய பெரிய வடிவம் வந்தது. 1960களில் நிழல் போய் வெறும் வடிவம் வந்தது. 1968 பிப்ரவரி 1 அன்று பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரலும் இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. இரண்டே ஆண்டில், 1970 ஜூனில், அது திவாலானது. 1976 ஏப்ரல் 1 முதல் கான்ரெயில். ஒரே என்5சி பெட்டி சிவப்பாக ஓடியது, பச்சையாக ஓடியது, நீலமாகவும் ஓடியது. இணைப்புக்குப் பிறகும் வருடக்கணக்கில் பழைய சிவப்பிலேயே ஓடியவையும் உண்டு. வண்ணம் அடிக்கக் காசில்லாத கம்பெனி.

கூரை நடைபலகையை மறக்கக் கூடாது. கை பிரேக் சக்கரத்தைச் சுற்ற ஆட்கள் கூரை மேல் நடந்த காலத்தின் மிச்சம் அது. 1966க்குப் பிறகு கட்டப்பட்ட சரக்குப் பெட்டிகளுக்கு அது தேவையில்லை என்று ஆனது. பழைய பெட்டிகளிலிருந்தும் படிப்படியாகக் கழற்றினார்கள், கபூஸ்களிலும் பலவற்றில் கழற்றினார்கள். 1980இல் கல்லடியையும் துப்பாக்கிக் குண்டையும் தாங்கும் கண்ணாடி வேண்டுமென்று கூட்டரசின் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. செலவைக் குறைக்கப் பல கம்பெனிகள் பழைய கபூஸ்களின் சில சன்னல்களை இரும்புத் தகடு வைத்தே அடைத்துவிட்டன. 1942இல் அழகுக்குப் பெயர்போன பெட்டி, 1980களில் ஒரு கண் மூடியபடி ஓடியிருக்கலாம். கான்ரெயில் நீலத்தில் எல்லாச் சன்னலும் பளபளக்கும் மாதிரியைக் கண்டால் அசலின் புகைப்படத்தை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? பெட்டி கட்டியபோது கம்பெனியே எடுத்த பக்கவாட்டுப் படம் முதல் ஆதாரம். “கார் பில்டர்ஸ் சைக்ளோபீடியா” தொகுதிகளில் வரைபடங்களும் உதிரிபாகப் படங்களும் உண்டு. ஒவ்வொரு பழைய கம்பெனிக்கும் ஒரு வரலாற்றுச் சங்கம் இருக்கிறது; பென்சில்வேனியாவுக்கான தொழில்நுட்ப வரலாற்றுச் சங்கம் 1974லிருந்து இயங்கி, “தி கீஸ்டோன்” என்ற இதழையும் நடத்துகிறது. 1934லிருந்து வரும் “மாடல் ரெயில்ரோடர்”, 1980இல் தொடங்கிய “மெயின்லைன் மாடலர்” போன்ற இதழ்களின் பழைய பக்கங்களில் அளவு வரைபடங்கள் ஏராளம். அருங்காட்சியகத்தில் நிற்கும் பெட்டியை நேரில் அளப்பதும் நல்லதுதான். ஆனால் அது ஓய்வு பெற்ற நாளின் தோற்றத்தையோ புதுப்பித்த நாளின் தோற்றத்தையோ காட்டும். 1950இல் எப்படி இருந்தது என்று அது சொல்லாது.

வரைபடமே கிடைக்காத பெட்டிக்குப் புகைப்படத்திலிருந்து அளவெடுக்கலாம். இதற்குத் தெரிந்த அளவு ஒன்று படத்துக்குள் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியின் சக்கரத்துக்கு வழக்கமான விட்டம் 33 அங்குலம். நேர் பக்கவாட்டில் எடுத்த படத்தில் சக்கரம் 11 மில்லிமீட்டர், பெட்டியின் உடல் 132 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உடல் சக்கரத்தைப்போல் 12 மடங்கு, 396 அங்குலம், அதாவது 33 அடி.

அவசரப்பட்டு வெட்டிவிடக் கூடாது. சக்கரம் உள்ளே இருக்கிறது. பெட்டியின் பக்கச் சுவர் அதைவிட ஏறக்குறைய இரண்டடி வெளியே, கேமராவுக்கு அருகில் இருக்கிறது. கேமரா சக்கரத்திலிருந்து 50 அடி தள்ளி நின்றிருந்தால், சுவர் 48 அடியில் இருக்கும். எனவே சுவர் நூற்றுக்கு நான்கு பங்கு பெரிதாகத் தெரிந்திருக்கும். திருத்தினால் 380 அங்குலம், 31 அடி 8 அங்குலம். எச்.ஓ. அளவில் இந்த வித்தியாசம் நான்கரை மில்லிமீட்டருக்கும் மேல். ஒரு சன்னலின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். சுவரின் தளத்திலேயே இருக்கும் தெரிந்த அளவு ஒன்று, உதாரணமாகப் பலகையின் அகலம், கிடைத்தால் சக்கரத்தை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

எச்.ஓ. அளவு என்றால் 87.1இல் ஒன்று. அசலின் ஓரடி இங்கே 3.5 மில்லிமீட்டர், ஓரங்குலம் 0.29 மில்லிமீட்டர், 30 அடிப் பெட்டி 105 மில்லிமீட்டர். தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இந்த எண்களை மனப்பாடம் செய்தவருக்குக் கால்குலேட்டர் பாதி நேரம் தேவைப்படாது.

இப்போது ஒரு சிறு பொருளை அருகில் வைத்துப் பார்ப்போம்: கைப்பிடிக் கம்பி. ஓடும் பெட்டியில் ஏற ஆட்கள் பிடித்துக்கொள்ளும் கம்பி அது. 1893ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சாதனச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1911இல் வந்த ஆணையும் அதன் அளவைக் கட்டுப்படுத்தின. விட்டம் குறைந்தது ஐந்தெட்டு அங்குலம். பிடிக்கும் நீளம் குறைந்தது 16 அங்குலம். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைய இரண்டங்குல இடைவெளி. அதற்கு முன்பு, கை வழுக்கியும் பிடிக்க இடமில்லாமலும் உயிரையும் உறுப்பையும் இழந்தவர்கள் அந்நாட்டு ரயில்களில் ஏராளம். அந்த இரத்தத்தின் மேல்தான் இந்த அளவுகள் எழுதப்பட்டன.

எச்.ஓ.வில் ஐந்தெட்டு அங்குலம் 0.18 மில்லிமீட்டர். மலிவான மாதிரிகளில் கைப்பிடி சுவரோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். தனியாக வார்த்ததும் பெரும்பாலும் தடிப்பு. முதல் வேலை, வார்த்த கைப்பிடியைக் கூரான உளி முனைக் கத்தியால் சீவி எடுப்பது. சுவரில் செதுக்கிய பலகைக் கோடும் ரிவெட்டும் சேதமாகக் கூடாது. பிறகு, ஊசி முனையால் குழி வைத்து, 80ஆம் எண் துளைமுனையால், அதாவது 0.34 மில்லிமீட்டரால், கையாலேயே சுற்றித் துளை போட வேண்டும். மின்சாரத் துளைப்பான் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கம்பி பாஸ்பர் வெண்கலம். 0.2 மில்லிமீட்டர்க் கம்பி அசலுக்கு நெருக்கம். ஆனால் கை பட்டால் வளையும். ஓட்டுவதற்காகக் கட்டுபவர்கள் 0.3 வரை போகிறார்கள். அது அசலில் ஓரங்குலத்துக்குச் சமம், மன்னிக்கலாம். இடுக்கியால் இரண்டு முனையையும் மடித்து, துளைக்குள் செருகி, சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 0.6 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள பிளாஸ்டிக் துண்டை வைத்து அழுத்த வேண்டும். பின்பக்கத்திலிருந்து ஒரு துளி சூப்பர் குளூ. துண்டை உருவினால் எல்லாக் கம்பியும் ஒரே இடைவெளியில் நிற்கும். அந்தத் துண்டு 1911ஆம் ஆண்டின் இரண்டங்குல விதிதான்.

ஒரு கபூஸில் இப்படிப்பட்ட கம்பிகள் இரு கோடி மேடைகளிலும் படிக்கட்டுகளிலும் ஏணிகளிலும் கூண்டின் மேலும் இருக்கும். இதை மட்டும் சரியாகச் செய்தால்கூடக் கடை மாதிரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

முழுதும் கையால் கட்டுவதற்கு இன்னொரு பென்சில்வேனியா பெட்டியை எடுத்துக்கொள்வோம்: என்6பி, மரக் கேபின் கார். இதன் கூண்டின் பக்கச் சுவர்கள் நேராக நிற்பதில்லை. மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்கின்றன. கண்ணுக்கு அழகாக இருக்கும். கட்டுபவருக்குப் பெரிய வேலை.

பொருள் பெரும்பாலும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு. எவர்கிரீன் போன்ற கம்பெனிகள் கோடு போட்ட தகடுகளைப் பல இடைவெளிகளில் விற்கின்றன. அசலில் பலகையின் வெளித்தெரியும் அகலம் மூன்றேகால் அங்குலம் என்றால் எச்.ஓ.வில் அது 0.95 மில்லிமீட்டர். 0.040 அங்குல இடைவெளித் தகடு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அசலில் மூன்றரை அங்குலம் ஆகும். இதை ஏற்பதா, கோட்டைத் தானே கீறுவதா என்பது கட்டுபவரின் பொறுமையைப் பொறுத்தது. பக்கச் சுவரில் பலகைகளின் எண்ணிக்கை தெரியும் அளவுக்குக் கூர்மையான படம் கையில் இருந்தால் கீறுவதே நியாயம்.

வரிசை முக்கியம். நான்கு சுவர்களையும் தட்டையாக இருக்கும்போதே முடிக்க வேண்டும்: சன்னல், கதவு வெட்டுவது, சட்டம் ஒட்டுவது, ரிவெட்டு, துளை எல்லாம். இரண்டு பக்கச் சுவர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டு நாடாவால் பிடித்துக்கொண்டு சன்னலை வெட்டினால் இரு பக்கமும் ஒரே உயரத்தில் வரும். ஆனால் அசலில் இரு பக்கமும் ஒன்றாக இருந்தனவா என்று முதலில் பார்க்க வேண்டும். உள்ளே அடுப்பும் படுக்கையும் இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சன்னல் மாறியிருக்கும். சன்னலின் மூலையை அரத்தால் முடிக்க வேண்டும். கத்தியால் முடித்தால் மூலையைத் தாண்டிக் கோடு ஓடும். மூலைமட்டம் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு மூலை மட்டும் ஒட்ட வேண்டும். ஒட்டப் பயன்படும் சால்வென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அதைத் திறக்கவே கூடாது.

சாய்ந்த கூண்டுக்கு வருவோம். சுவர் சாயும்போது அதன் உண்மையான உயரம் பக்கவாட்டு வரைபடத்தில் தெரியும் உயரத்தைவிட அதிகம். வரைபடத்தில் 30 அங்குல உயரம், மேலே போகும்போது 8 அங்குலம் உள்ளே சாய்கிறது என்று ஒரு கணக்கு வைத்தால், சுவரின் உண்மை உயரம் 31 அங்குலம். சிறிய வேறுபாடுதான், ஆனால் அதை விட்டுவிட்டால் கூண்டின் கூரை ஒட்டாது, இடைவெளி விழும். கூண்டின் முன்பின் சுவர்களை முதலில் சரியான சாய்வோடு வெட்டி, அவற்றை உள்ளே ஒரு மரத்துண்டின் மேல் நிறுத்தி, பிறகு சாய்ந்த பக்கச் சுவர்களை அவற்றின் மேல் சாய்த்து ஒட்டுவது எளிய வழி. இணையும் விளிம்பை உப்புத்தாளில் சாய்வாகத் தேய்த்துக்கொண்டால் மூலையில் தகட்டின் தடிப்பு தெரியாது.

கண்ணாடிக்கு மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் போதும். அதைச் சூப்பர் குளூவால் ஒட்டினால் ஆவி படிந்து வெண்மையாகிவிடும். காய்ந்ததும் தெளிவாகும் வெள்ளைப் பசையே ஏற்றது. வண்ணம் அடித்த பிறகே கண்ணாடி. எனவே கூரை கழற்றும்படி இருக்க வேண்டும். கூரையைக் கழற்ற முடிந்தால் அடுப்பையும் மேசையையும் வைக்கலாம். அந்த அடுப்பு தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மேல் விளிம்பைச் சுற்றி ஒரு தடுப்பு இருக்கும். நூறு பெட்டி ரயில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் பெட்டிகளுக்கிடையிலான தளர்வு ஒவ்வொன்றாக இழுபட்டு, கடைசிப் பெட்டியில் பேரதிர்ச்சியாக வந்து விழும். காப்பிப் பாத்திரம் பறக்கும். கபூஸின் போகிகளில், அதாவது சக்கரச் சட்டங்களில், பலவற்றுக்குச் சுருள்வில்லுக்குப் பதிலாகத் தட்டைவில் வைத்ததும் ஆட்களின் உடம்பைக் காப்பாற்றத்தான். சாதாரணச் சரக்குப் பெட்டியின் போகியைக் கபூஸுக்குப் பொருத்திவிடுவது மாதிரிகளில் அடிக்கடி காணப்படும் பிழை.

அடிப்பக்கத்தில் பிரேக் கருவி. 1933லிருந்து வந்த ஏபி வகையில் வால்வு, இரட்டைக் காற்றுத்தொட்டி, சிலிண்டர் என்று மூன்று தனித்தனிப் பொருள்கள். பழைய கே வகையில் அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. டிச்சி போன்ற கம்பெனிகள் இவற்றை வார்த்தே விற்கின்றன. குழாய்களை மட்டும் கம்பியை வளைத்துச் செய்ய வேண்டும். ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிந்து வளைத்தால், பிரேக் முறையே படித்ததாகிவிடும்.

எடையையும் மறக்கக் கூடாது. அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கம், 1935இல் மில்வாக்கியில் தொடங்கிய என்.எம்.ஆர்.ஏ., எச்.ஓ. பெட்டிக்கு ஓர் அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மேலும் அரை அவுன்சும் பரிந்துரைக்கிறது. 105 மில்லிமீட்டர்ப் பெட்டி நான்கு அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 87 கிராம் வர வேண்டும். வெறும் ஸ்டைரீன் அதில் சிறு பங்குதான். கூரையை மூடும் முன் தரைக்கு மேல் ஈயத் துண்டு வைக்காவிட்டால், நல்ல வேலை எல்லாம் முதல் வளைவிலேயே தடம் புரளும்.

வண்ணம் அடிப்பதற்கு முன் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது. பென்சில்வேனியாவின் சரக்குப் பெட்டி நிறம் நம் ஊர் இரும்புக் கதவுகளுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடுக்கு உறவுதான்; ஆனால் காலத்துக்குக் காலம் சாயல் மாறியது. எழுத்துகளின் மெல்லிய படலமான டீகாலை ஒட்டும் முன் பளபளப்பான வார்னிஷ் வேண்டும். மங்கலான வண்ணத்தின் நுண்குழிகளில் காற்று சிக்கினால் டீகாலின் ஓரம் வெள்ளையாகத் தெரியும். ஒட்டியபின் மென்மையாக்கும் திரவம் தடவினால் அது ரிவெட்டின் மேலும் பலகைக் கோட்டின் மேலும் படிந்து அமரும். கடைசியில் மங்கல் வார்னிஷ். அழுக்கு ஏற்றுவதற்கும் படம்தான் வழிகாட்டி: புகைபோக்கியைச் சுற்றிக் கரி, சக்கரப் பக்கம் பிரேக் துருத்தூள், படிக்கட்டின் நடுவில் காலடி பட்டு வண்ணம் போன இடம். எல்லா இடத்திலும் ஒரே அளவு அழுக்கு அடித்தால் அது கைவிடப்பட்ட பெட்டி போலாகும்.

இவ்வளவு பாடுபட்ட பெட்டியை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என்.எம்.ஆர்.ஏ. தகுதி மதிப்பீட்டில் மொத்தம் 125 மதிப்பெண். கட்டுமானத்துக்கு 40, நுணுக்கத்துக்கு 20, அசலோடு பொருத்தத்துக்கு 25, வண்ணத்துக்கும் எழுத்துக்கும் 25, முழுதும் கையால் கட்டியதற்கு 15. எண்பத்தேழரை பெற்றால் தகுதிச் சான்று. கவனியுங்கள்: எல்லாவற்றையும் கையால் செய்ததற்குக் கிடைப்பது வெறும் 15, அசலோடு பொருந்துவதற்கு 25. அந்த 25ஐப் பெறக் கைத்திறமை மட்டும் போதாது. மாதிரியோடு படங்களும் வரைபடங்களும் சேர்த்து வைக்க வேண்டும். ஆதாரம் மெலிந்தால் மதிப்பெண்ணும் மெலியும். கையால் கட்டுவது பெருமை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது. அசல் வகைக்கு நல்ல மாதிரி கடையில் இருந்தால் அதை வாங்கித் திருத்துவதில் குறையில்லை. இல்லாத இடத்தில்தான் ஸ்டைரீன் தகடு.

கபூஸ்கள் இப்போது ஓடுவதில்லை என்றே சொல்லலாம். ரயிலின் வாலில் காற்றழுத்தத்தை அளந்து எஞ்சினுக்கு அனுப்பும், விளக்கு மினுக்கும் சிறு பெட்டி அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டது. 1969 வாக்கில் ஃப்ளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் கம்பெனி அப்படியொரு கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1982இல் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் ஆனதும் பெரிய கம்பெனிகளும் கபூஸைக் கைவிடத் தொடங்கின. சட்டப்படி கபூஸ் வேண்டுமென்று கடைசி வரை வைத்திருந்த வர்ஜீனியா மாநிலமும் 1988இல் அதை நீக்கியது. எஞ்சியவை அருங்காட்சியகங்களிலும் பூங்காக்களிலும் சில வீட்டுத் தோட்டங்களிலும் நிற்கின்றன. பல தவறான நிறத்தில் நிற்கின்றன. அவற்றின் சரியான உருவம் இனி வரைபடங்களிலும் படங்களிலும் மாதிரிகளிலும்தான் இருக்கப்போகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கலாம். மாதிரி கட்டி முடித்தவர்கள் பெட்டியை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு ஓய்ந்துவிட வேண்டாம். எடுத்த அளவுகள், வரைந்த வரைபடம், எந்தப் படத்திலிருந்து எந்த முடிவுக்கு வந்தீர்கள் என்ற குறிப்பு, எது நிச்சயம், எது ஊகம் என்ற பிரிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, அந்த ரயில்பாதையின் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்து அதே பெட்டியைக் கட்டப்போகிறவர் சக்கரத்தை அளப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.